கறி இல்லை, கறிக்குழம்பு உண்டு!

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி.

அம்பத்தூரில் ஓர் ஒண்டுக்குடித்தனம். ஒரே முற்றம், சுற்றிலும் ஐந்து வீடுகள். ஒரு வீட்டில் குக்கர் கூவுகிறது. அடுத்த வீட்டில் அம்மியோ, மிக்சியோ ஓடுகிறது. ஆட்டுக்கறி வேகும் வாசனை முற்றம் முழுவதும் பரவுகிறது. வாசனைக்குச் சுவர் ஏது? கதவு ஏது?

மூன்றாவது வீட்டுப் பையன் விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே ஓடுகிறான்.

"அம்மா, நம்ம வீட்டுல கறிக்குழம்பு இல்லையா?"

அன்று மாதத்தின் 28-ந் தேதி. சம்பளம் வர இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அரைக் கிலோ கறி வாங்கப் போனால் 500 ரூபாய் நோட்டு ஒன்று போதுமா, போதாதா என்று யோசிக்க வேண்டிய காலம் இது.

அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "இருக்குடா, போய் விளையாடு. ஒரு மணிக்கு வா" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு மூன்று வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்தாள்.

ஒரு மணிக்குப் பையன் வந்தான். இலையில் சூடான சோறு. அதன்மேல் சிவந்த குழம்பு. மேலே எண்ணெய் மிதக்கிறது. பட்டை, கிராம்பு, சோம்பு மணக்கிறது. பையன் பிசைந்து நான்கு வாய் சாப்பிட்டான். பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. விரலால் துழாவிப் பார்த்தான்.

"கறி எங்கேம்மா?"

"கறி தீந்து போச்சுடா. குழம்புதான் இருக்கு."

பையன் சிரித்துவிட்டான். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.

இந்தக் காட்சி எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் நடக்கக் கூடியதுதான். கறி போடாமலே கறிக்குழம்பின் ருசியைக் கொண்டுவர முடியுமா? முடியும். அதில் மந்திரம் எதுவும் இல்லை. ஒரு சட்டியும், மூன்று வெங்காயமும், 20 நிமிடப் பொறுமையும் வேண்டும். பொறுமைதான் பலரிடம் இல்லை!

தொழிலாளர் ஊரும் சால்னாவும்

"கறி இல்லாத கறிக்குழம்பா? கேள்விப்பட்டதே இல்லையே" என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்கள் ராத்திரியில் ஒரு பரோட்டாக் கடைப் பக்கம் போய் நின்று பார்க்க வேண்டும்.

அம்பத்தூர், ஆவடிப் பகுதி உழைப்பாளிகளின் பகுதி. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1965-ல் அங்கிருந்து முதல் 'விஜயந்தா' டாங்கி வெளியே வந்தது. வேலை தேடித் தென் மாவட்டங்களில் இருந்தும் வட மாவட்டங்களில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். பெட்டி படுக்கையோடு அவர்களுடைய நாக்கும் கூடவே வந்தது.

ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவருக்கு அடுப்பு மூட்ட நேரம் இல்லை. இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகிறார். காசு கொடுத்தது பரோட்டாவுக்கு. சால்னா இலவசம்! இரண்டாவது தடவை கேட்டாலும் ஊற்றுவார்கள்.

அந்தச் சால்னாவில் கறித் துண்டு கிடையாது. இதற்கு 'எம்ப்டி சால்னா' என்று ஒரு பெயரே இருக்கிறது. வெறும் சால்னா என்று பொருள். ஆனால் வாயில் வைத்தால் வெறுமை தெரியாது. வெங்காயமும், தக்காளியும், தேங்காயும், மசாலாவும் சேர்ந்து செய்கிற வேலை அது.

(ஒன்று சொல்லிவிட வேண்டும். அசைவக் கடைகளில் சால்னாவில் எலும்புச் சாறு கலப்பதும் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.)

'சால்னா' என்பது 'சாலன்' என்ற உருதுச் சொல்லில் இருந்து வந்தது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் குழம்புக்கு 'ஆணம்' என்று அழகான தமிழ்ப் பெயர் இருக்கிறது. 'கறி' என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கையானது. பழைய தமிழில் 'கறி' என்றால் மிளகு. பிறகு மிளகு போட்டுச் சமைத்ததெல்லாம் கறி ஆயிற்று. காய்கறி என்கிறோம், வாழைக்காய்க் கறி என்கிறோம். இன்று 'கறி' என்று மொட்டையாகச் சொன்னால் ஆட்டுக்கறிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. எனவே இறைச்சி போடாத கறிக்குழம்பு என்று சொன்னால் தமிழுக்கு எந்தக் குற்றமும் வராது!

சைதாப்பேட்டை வடகறியையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். மிஞ்சிப்போன மசால் வடையைப் பிய்த்து, பட்டை சோம்பு போட்ட குழம்பில் ஊறவைத்தால் வடகறி. அதிலும் இறைச்சி இல்லை. பெயரில் மட்டும் கறி. அதைத் தேடி வந்து சாப்பிடுகிறவர்களோ ஏராளம்.

புரட்டாசி வந்தால்...

கறி வேண்டாம் என்பதற்குப் பணம் மட்டும் காரணம் அல்ல.

புரட்டாசி மாதம் வந்தால் பல வீடுகளில் கறிச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். பூவிருந்தவல்லி பக்கத்தில் கேட்கவே வேண்டாம். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிற ஊர். பக்கத்திலேயே திருமழிசை. சனிக்கிழமைகளில் பெருமாளுக்குத் தளிகை போடுகிற வீடுகளில் ஒரு மாதம் இறைச்சி நுழையாது. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வீட்டிலும் அப்படியே. தவக்காலத்தில் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றிலும் அப்படியே.

விரதம் இருப்பது மனசு. நாக்கு தனி ஆள்! முதல் வாரம் சும்மா இருக்கும். இரண்டாவது வாரம் முணுமுணுக்கும். மூன்றாவது வாரம் சாம்பாரைப் பார்த்தாலே சண்டை போடும்.

இன்னொரு வீட்டில், டாக்டர் கையை உயர்த்திவிடுகிறார். "ஆட்டுக்கறியைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். 40 வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறிக்குழம்பு சாப்பிட்ட மனிதர், ரசத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

இவர்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான். கறி வேண்டாம், அந்த ருசி வேண்டும்.

கறியில் என்ன இருக்கிறது?

அப்படியானால், கறி குழம்புக்கு எதைக் கொடுக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, வறுபட்ட வாசனை. வெறும் தண்ணீரில் கறியை வேகவைத்துப் பாருங்கள். வெளுத்துப் போய் இருக்கும். வாசனையும் மட்டமாக இருக்கும். அதே கறியை எண்ணெயில் போட்டுப் பழுப்பாக வதக்கினால் தெரு முழுவதும் மணக்கும். ஏன் இந்த வித்தியாசம்?

இதற்குக் காரணம் கண்டு சொன்னவர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி கமீல் மயார். ஆண்டு 1912. உணவில் உள்ள புரதச் சத்தின் கூறுகளும் சர்க்கரையும் நல்ல சூட்டில் ஒன்று சேர்ந்தால் பழுப்பு நிறமும் புதுப்புது வாசனைகளும் பிறக்கின்றன. தோசை முறுகுவதும், காப்பிக் கொட்டை வறுபடுவதும், ரொட்டியின் மேல் தோல் சிவப்பதும் இதனால்தான்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதற்கு மேல் சூடு ஏறாது. பழுப்பு பிடிப்பதற்கோ அதைவிட நல்ல சூடு வேண்டும். ஆகவே, சட்டியில் தண்ணீர் நிற்கிற வரையில் எதுவும் சீக்கிரம் சிவக்காது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சமையல் கைவந்துவிடும்.

இரண்டாவது, நாக்கில் ஒட்டிக்கொள்ளும் ஒரு ருசி. அது இனிப்பும் அல்ல, புளிப்பும் அல்ல, உப்பும் அல்ல. 1908-ல் ஜப்பானில் கிக்குனே இக்கேதா என்ற விஞ்ஞானி, கடற்பாசி போட்டுக் காய்ச்சிய சாற்றைக் குடித்தார். 'இதில் ஏதோ தனி ருசி இருக்கிறதே' என்று ஆராய்ந்தார். குளூட்டமேட் என்ற பொருள்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். அந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். கறியில் இந்த ருசி உண்டு. பழுத்த தக்காளியிலும் உண்டு! காளானிலும் உண்டு! இந்தச் செய்திதான் நமக்கு வேண்டியது.

மூன்றாவது, கொழகொழப்பு. எலும்பும் தோலும் சவ்வும் நெடுநேரம் வேகும்போது அதில் இருந்து ஒரு பசை இறங்கும். குழம்பு சோற்றில் ஒட்டுவதற்கு அதுதான் காரணம். கூடவே கொழுப்பும் சேர்ந்து வாயை நிறைக்கும்.

வாசனை, ருசி, கொழகொழப்பு. இந்த மூன்றையும் வேறு இடத்தில் இருந்து கொண்டுவந்துவிட்டால் கறிக்கு வேலை இல்லை.

வெள்ளைக்காரன் பட்ட பாடு

இந்தக் கவலை நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலும் இதே கவலைதான்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரிய இறைச்சித் துண்டை அடுப்புக்குள் வைத்துச் சுடுவார்கள். அதில் இருந்து வழியும் சாற்றையும் தட்டின் அடியில் ஒட்டிய பழுப்பையும் சுரண்டி எடுத்து, மாவு கலந்து காய்ச்சினால் 'கிரேவி'. இறைச்சித் துண்டு சிறியதாக இருந்தால்? சாறு போதாது. இறைச்சியே இல்லையென்றால்? சாறே கிடையாது. இதற்காகவே 1908-ல் அங்கே 'பிஸ்டோ' என்ற பொடி கடைக்கு வந்தது. நிறமும் ருசியும் கெட்டியும் ஒரே டப்பாவில்!

அதற்கு முன்னால், ஜெர்மன் விஞ்ஞானி லீபிக் என்பவர் இறைச்சியைக் காய்ச்சிச் சுண்டவைத்துச் சாறு எடுக்கும் வழியைச் சொன்னார். 1860-களில் தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டில் அதற்குத் தொழிற்சாலையே தொடங்கினார்கள். ஒரு கிலோ சாறு எடுக்கச் சுமார் 30 கிலோ இறைச்சி வேண்டியிருந்தது! அந்தச் சாறு உடம்புக்குப் பெரிய பலம் என்று முதலில் நம்பினார்கள். ருசிதான் உண்டு, சத்து அவ்வளவாக இல்லை என்று பிறகு தெரிந்தது.

நம் வீட்டுப் பெண்களுக்குப் பிஸ்டோ டப்பா தேவைப்படவில்லை. அவர்களிடம் வெங்காயம் இருந்தது. தேங்காய் இருந்தது. அம்மி இருந்தது.

வெங்காயம் சிவக்க வேண்டும்

சரி, அடுப்பங்கரைக்குப் போவோம்.

நான்கு பேருக்குக் குழம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வெங்காயம் மூன்று. சுமார் 300 கிராம் இருக்கும். மெல்லியதாக, ஒரே கனமாக நறுக்க வேண்டும். ஒன்று தடியாகவும் ஒன்று மெல்லியதாகவும் இருந்தால், மெல்லியது கருகும்போது தடியானது பச்சையாகவே நிற்கும்.

அடி கனமான சட்டி நல்லது. இரும்புச் சட்டி இருந்தால் மிக நல்லது. ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டியில் இந்த வேலை அவ்வளவாக எடுபடாது. ஏன் என்று பிறகு தெரியும்.

மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெய். காய்ந்ததும் இரண்டு துண்டு பட்டை, மூன்று கிராம்பு, இரண்டு ஏலக்காய், ஒரு பிரிஞ்சி இலை, ஒரு தேக்கரண்டி சோம்பு. கல்பாசி கிடைத்தால் ஒரு சிட்டிகை. கறுப்பும் சாம்பலுமாகச் சருகுபோல் இருக்குமே, அதுதான் கல்பாசி. செட்டிநாட்டுச் சமையலில் அது இல்லாமல் மசாலா இல்லை. பச்சையாக முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. சூடான எண்ணெயில் விழுந்ததும் கறிக்கடை வாசனையைக் கொண்டுவந்துவிடும்!

இப்போது வெங்காயத்தைப் போடுங்கள். அரைத் தேக்கரண்டி உப்பும் போடுங்கள். உப்பு வெங்காயத்தில் உள்ள தண்ணீரை வெளியே இழுக்கும்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் "வதங்கிவிட்டது" என்று தக்காளியைக் கொட்டிவிடுகிறார்கள். தக்காளி விழுந்ததும் சட்டி முழுவதும் தண்ணீர். அதன்பின் வெங்காயம் எப்படிச் சிவக்கும்? குழம்பு கொதிக்கும், வெந்துபோகும், ஆனால் வெளிறிப்போய் நிற்கும். "எல்லாம் போட்டேன், ருசிதான் வரவில்லை" என்று அலுத்துக்கொள்வார்கள். பிறகு இன்னொரு கரண்டி மசாலாத் தூள் போடுவார்கள். காரம் ஏறும். ருசி ஏறாது.

ஆகவே காத்திருங்கள். முதல் ஐந்து நிமிடம் வெங்காயம் தண்ணீர் விடும். அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்தத் தண்ணீர் வற்றும். 'சளசள' என்ற சத்தம் மாறி 'சொரசொர' என்று கேட்கும். அதுதான் அடையாளம். இனிமேல்தான் நிறம் ஏறத் தொடங்கும். தீயை மிதமாக வையுங்கள். ஓரம் பொன்னிறமாகும், பிறகு முழுவதும் பொன்னிறமாகும், பிறகு வெல்லத்தின் நிறம் வரும். அந்த நிறத்தில் நிறுத்துங்கள். மொத்தம் 20 நிமிடம் ஆகும். மூன்று வெங்காயம் ஒரு கைப்பிடி ஆகிவிடும். "இவ்வளவுதானா?" என்று கவலைப்பட வேண்டாம். ருசி எங்கும் போகவில்லை, சுருங்கி உட்கார்ந்திருக்கிறது.

கறுப்பு நிறம் எட்டிப்பார்த்தால் ஆபத்து! பழுப்பு வாசனை தரும். கறுப்புக் கசப்பைத் தரும். கருகிய வெங்காயத்தை வைத்துக் குழம்பைத் தேற்றவே முடியாது. மனசைத் தேற்றிக்கொண்டு வேறு வெங்காயம் நறுக்க வேண்டியதுதான்.

சட்டியின் அடியைப் பாருங்கள்

வெங்காயம் சிவக்கும்போது சட்டியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டும். புது மருமகள் அதைப் பார்த்தால் பயந்துவிடுவாள். "ஐயையோ, அடி பிடிச்சிடுச்சு அத்தை!" என்பாள்.

அனுபவம் உள்ள மாமியார் சிரிப்பாள். "பிடிக்கட்டும்மா. ஒரு கை தண்ணி தெளி."

ஒரு கை தண்ணீர் தெளித்துக் கரண்டியால் சுரண்டினால் அந்தப் படலம் கரைந்து வெங்காயத்தோடு சேரும். வெங்காயம் ஒரே நிமிடத்தில் இன்னும் சிவக்கும். மறுபடி ஒட்டும். மறுபடி தெளியுங்கள். மறுபடி சுரண்டுங்கள். மூன்று தடவை செய்தால் போதும். வெள்ளைக்காரர் இறைச்சித் தட்டின் அடியில் சுரண்டி எடுக்கிறாரே, அதே பழுப்புதான் இது. இறைச்சியில் இருந்து வரவில்லை. வெங்காயத்தில் இருந்து வந்திருக்கிறது. ஒட்டாத சட்டியில் இந்தப் படலம் பிடிக்காது. வேண்டாம் என்றது அதற்காகத்தான்.

இனி ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது. பச்சை வாடை போகும்வரை வதக்க வேண்டும். பிறகு அடுப்பைச் சிறியதாக்கிவிட்டுத் தூள்கள்: கால் தேக்கரண்டி மஞ்சள், ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த் தூள், மூன்று தேக்கரண்டி மல்லித் தூள். தூளை எண்ணெயில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. மிளகாயின் சிவப்பு எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. குழம்பின் மேலே சிவப்பாக எண்ணெய் மிதப்பது இதனால்தான். ஆனால் தூள் அரை நிமிடத்தில் கருகிவிடும். கையில் தண்ணீர் தயாராக இருக்கட்டும்.

மிளகாய் நம் ஊர்ப் பொருளே அல்ல என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1498-ல் போர்ச்சுகீசியர் இந்தியாவுக்குக் கடல் வழி கண்ட பிறகுதான் அது இங்கே வந்தது. பிறந்த இடம் அமெரிக்கக் கண்டம். தக்காளியும் அப்படியே. அதற்கு முன் நம் முன்னோர் மிளகையும் புளியையும் வைத்தே குழம்பு வைத்தார்கள். காரத்துக்குப் பாதி மிளகாய், பாதி மிளகு என்று போட்டுப் பாருங்கள். தொண்டைக்கும் இதம், கறிக்குழம்பு வாசனைக்கும் பக்கத்தில் போகும்.

அடுத்து மூன்று தக்காளி. நன்றாகப் பழுத்தது வேண்டும். காயைவிடப் பழத்தில்தான் அந்த உமாமி ருசி அதிகம். சாயங்காலம் சந்தையில் மெத்தென்று ஆகிவிட்ட தக்காளியைக் கூறு கட்டி மலிவாக விற்பார்களே, அது சாம்பாருக்கு ஆகாவிட்டாலும் இதற்கு முதல் தரம். கரைந்து, சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள்.

அரைப்பதில் ஒரு கணக்கு

இனிக் கொழகொழப்பு வேண்டும். எலும்பு செய்த வேலையை யார் செய்வது?

தேங்காய் செய்யும். அரை மூடி தேங்காயைத் துருவிக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி கசகசாவை வெந்நீரில் 15 நிமிடம் ஊறவையுங்கள். ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, அரைத் தேக்கரண்டி சோம்பு. கையில் காசு இருந்தால் நாலு முந்திரி. எல்லாவற்றையும் சேர்த்து வெண்ணெய்போல் அரைக்க வேண்டும். நறநறவென்று இருந்தால் குழம்பு திரிந்ததுபோல் ஆகிவிடும்.

பொட்டுக்கடலையைக் கூட்டினால் செலவு குறையும், கெட்டி ஏறும். ஆனால் அதிகமானால் சட்னி வாடை வந்துவிடும். ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

கசகசாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிள்ளையை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும்போது அம்மாக்கள் மசாலாப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் கசகசாவுக்குத் தடை இருக்கிறது. அபினிச் செடியின் விதை அது என்பதே காரணம். விமான நிலையத்தில் பிள்ளை மாட்டிக்கொள்ளும்படி ஆகிவிடக் கூடாது. அந்தப் பொட்டலத்தில் முந்திரி போதும்.

தண்ணீரும் பேசும்

குழம்புக்கு மூன்று டம்ளர் தண்ணீர் வேண்டும். இதற்குக் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டுமா?

முதல் நாள் இரவு கொண்டைக்கடலை ஊறவைத்து, காலையில் வேகவைத்திருந்தால், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மங்கலான பழுப்பு நிறத்தில் கெட்டியாக இருக்கும். அதுதான் உங்கள் எலும்புச் சாறு! கொள்ளு வேகவைத்த தண்ணீர் இன்னும் அழுத்தமாக இருக்கும். கொள்ளுத் தண்ணீரில் ரசம் வைக்கிற வீடுகளுக்கு அதன் அருமை தெரியும். இரண்டும் இல்லையா? அரிசி கழுவிய இரண்டாவது தண்ணீரை ஊற்றுங்கள். பாட்டிமார்கள் காலம் காலமாகச் செய்வதுதான்.

தண்ணீர் ஊற்றியதும் மறுபடி ஒருமுறை அடியைச் சுரண்டிவிடுங்கள். உப்புப் பாருங்கள். பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கட்டும். பிறகு தேங்காய் விழுதைக் கரைத்து ஊற்றி, தீயைக் குறைத்து, மூடி போட்டு 15 நிமிடம் விட்டுவிடுங்கள். மூடியைத் திறந்தால் மேலே எண்ணெய் மிதக்க வேண்டும். மிதக்காவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம். கடைசியில் ஒரு கைப்பிடி கொத்தமல்லியும் புதினாவும். உடனே மூடிவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் அடுத்த வீட்டிலிருந்து "என்னக்கா, கறியா?" என்று குரல் வரும்.

குழம்புக்குள் எதைப் போடுவது?

சோற்றுக்கும் பரோட்டாவுக்கும் இட்லிக்கும் இந்தக் குழம்பு இப்படியே போதும். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. குழம்பில் வந்திருப்பது கறியின் ருசி. கறியின் புரதச் சத்து வரவில்லை. லீபிக் காலத்தில் செய்த தவற்றை நாமும் செய்யக் கூடாது. வளரும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் குழம்புக்குள் ஏதாவது சத்தான பொருள் விழ வேண்டும்.

வேகவைத்த கொண்டைக்கடலை ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீரோடு அதையும் போட்டுவிடலாம். பட்டாணி போடலாம். முட்டை சாப்பிடுகிற வீடானால் அவித்த முட்டையைக் கீறிப் போடலாம்.

மீல் மேக்கர் என்று கடைகளில் விற்பது சோயா மொச்சையில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவில் செய்தது. புரதம் நிறைய உண்டு. ஆனால் பலர் வெந்நீரில் போட்டு எடுத்து அப்படியே குழம்பில் போடுகிறார்கள். உள்ளே வெறும் தண்ணீர் நிறைந்திருந்தால் குழம்பு எப்படி இறங்கும்? இரண்டு கைகளாலும் அழுத்திப் பிழிய வேண்டும். மறுபடி நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். பிறகு எண்ணெயில் கொஞ்சம் சிவக்க வதக்கிப் போட்டால், புரட்டாசி மாதத்தில் வீட்டுக்காரர் ஒரு நிமிடம் திகைத்துவிடுவார்.

காளான் போடுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். காளானில் தண்ணீர் அதிகம். தனியாகச் சூடான சட்டியில், கூட்டம் சேர்க்காமல், தண்ணீர் வற்றிச் சிவக்கும்வரை வதக்க வேண்டும். தக்காளியும் காளானும் சேர்ந்தால் ருசி ஒன்றுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். இதையும் ஜப்பானில்தான் ஆராய்ந்து சொன்னார்கள்.

பலாக்காய் கிடைக்கிற காலத்தில் பலாக்காய்; இல்லாவிட்டால் சேனைக்கிழங்கு. முருங்கைக்காய் இரண்டு துண்டு போட்டால் கடித்து உறிஞ்சுவதற்கு 'எலும்பு'ம் ஆயிற்று!

சட்டிச் சோறு

குழம்பு மிஞ்சினால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். ராத்திரி ஒருமுறை கொதிக்கவைத்து, ஆறவிட்டு, குளிர்பெட்டி இருந்தால் அதில் வைத்துவிடுங்கள். தேங்காய் அரைத்த குழம்பு வெயில் காலத்தில் வெளியே இருந்தால் விடிவதற்குள் கெட்டுவிடும். காலையில் சுடவைத்து தோசைக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

மிஞ்சாவிட்டால் இன்னும் ஒன்று இருக்கிறது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு காலிச் சட்டியில் இரண்டு கரண்டி சூடான சோற்றைப் போட்டு, ஓரத்தில் ஒட்டிய மசாலாவோடு, அடியில் படிந்த பழுப்போடு சேர்த்துப் பிரட்டினால் சட்டிச் சோறு. அம்பத்தூர் வீட்டுப் பையன் அதற்காகக் கையை நீட்டினான். அவன் தங்கையும் நீட்டினாள். இரண்டு உருண்டை உருட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தாள் அம்மா. மூன்றாவது சின்ன உருண்டை ஒன்று மிஞ்சியது. அதை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

"அது உனக்காம்மா?" என்றான் பையன்.

"ஆமாண்டா, சமைச்சது யாரு?" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டாள்.